ஹெவி மெட்டல் ரசிகர்களுக்கு 2010 ஏன் கசப்பான வருடம்?

ஹெவி மெட்டல் என்பது உறுமும் மின்கிதார், இடியாய் விழும் டிரம்ஸ், அடிவயிற்றுக் குரல் எல்லாம் சேர்ந்த கனமான ராக் இசை. 2010-இல் 40 நாள் இடைவெளியில் அது மூன்று பேரை இழந்தது. ஏப்ரல் 14-இல் டைப் ஓ நெகட்டிவ் இசைக்குழுவின் பாடகர் பீட்டர் ஸ்டீல். மே 24-இல் ஸ்லிப்நாட் இசைக்குழுவின் பால் கிரே, வயது 38தான். இருவரும் பேஸ் கிதார், அதாவது தாழ்ந்த சுருதியில் அடிநாதம் தரும் கிதார், வாசித்தவர்கள். பேஸ், மின்விசிறிச் சத்தம் மாதிரி: ஓடும்போது கவனிக்க மாட்டோம், நின்றால் வீடே வெறிச்சென்று ஆகிவிடும்.

நடுவில், மே 16-இல், வயிற்றுப் புற்றுநோயால் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். சின்ன உருவம், ஆனால் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் விலகிய பிறகு பிளாக் சபாத் இசைக்குழுவுக்குப் புது உயிர் கொடுத்த குரல்.

அப்புறம், ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டும் அவரது கொம்பு முத்திரை, சிலர் நினைப்பது போல, சாத்தான் வழிபாடு அல்ல. கண்ணேறு படாமலிருக்க அவருடைய இத்தாலியப் பாட்டி காட்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.