கொடியில் காய்ந்த ஒன்பதாம் இலக்க ஜேர்சி: கழகங்கள் கேட்ட கேள்விகள்

யாழ்ப்பாண நீதிமன்றங்களில் குடும்ப வழக்குகள் பேசும் சட்டத்தரணி நான். அண்ணன்மார் இருவரும் துரையப்பா மைதானத்தில் பந்தடித்தவர்கள். எங்கள் வீட்டு விறாந்தையில்தான் கால்பந்துக் கழகக் கூட்டம் நடக்கும், தேத்தண்ணி கொடுப்பது நான். மனைவியை அடித்ததாக முறைப்பாடு வந்த வீரரைக் கழகம் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, எங்கள் முன்கள வீரர் மீது மனைவி பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறா. ஞாயிறு அரையிறுதி. நிரூபிக்காத விசயத்துக்கு ஆளை நிறுத்தலாமோ? (கழகச் செயலாளர்)

அரையிறுதி இல்லாத வாரமென்றால் இந்தக் கேள்வி வந்திருக்குமா தம்பி? சரி, விடுங்கள். குற்றம் செய்தாரா என்று பார்ப்பது நீதவானின் வேலை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஜேர்சியை யார் போடுவது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். 2022 நவம்பரில் இலங்கை கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக்க சிட்னியில் கைதானார். அது பாலியல் குற்றச்சாட்டு, வீட்டு வன்முறை வழக்கு அல்ல. இலங்கை கிரிக்கெட் அவரை உடனே இடைநிறுத்தியது. 2023 செப்டெம்பரில் நீதிமன்றம் விடுவித்தது, அடுத்த மாதம் தடை நீங்கியது. உங்கள் கடிதத்திலும் 'இடைநிறுத்தம்' என்றே எழுதுங்கள். 'ஒழுக்காற்று நடவடிக்கை' என்று எழுதினால் அப்போதே தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

வழக்கு முடியும்வரை என்று போட்டால் போதும்தானே? (பயிற்றுநர்)

போதாது. வேல்ஸ் கால்பந்து அணியின் முகாமையாளராக இருந்த ரையன் கிக்ஸை எடுங்கள். 2020 நவம்பரில் முன்னாள் காதலியைத் தாக்கியதாகக் கைதானார், அவர் அதை மறுத்தார். அணியின் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். 2022 ஓகஸ்டில் நடந்த விசாரணையில் ஜூரிகளால் முடிவுக்கு வர முடியவில்லை. 2023 ஜூலையில் வழக்கைக் கைவிட்டார்கள், குற்றவாளி அல்ல என்று பதிவானது. இரண்டரை வருடத்துக்கும் மேல். இடையில் அவரே பதவி விலகியும் விட்டார். நம்மூர் வழக்குகள் தவணைமேல் தவணை போவதை நான் சொல்லத் தேவையில்லை. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்வாகம் கூடி மீளப் பார்க்கும் என்று யாப்பிலேயே எழுதிவையுங்கள்.

பெரியாட்களாகப் போய்ச் சமாதானம் செய்துவிட்டால் என்ன பிள்ளை? கழகத்தால் ஒரு குடும்பம் பிரியலாமோ? (முன்னாள் தலைவர்)

ஐயா, கோபிக்கக் கூடாது. கழகங்கள் செய்வதில் மிகக் கெட்டது இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னமே கழகத்திலிருந்து மூன்று பேர் வந்து பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். மேசையில் ஒரு பிஸ்கற் ரின். மாமியார் கதைத்துக்கொண்டிருந்தார், வீரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். முறைப்பாடு கொடுத்த பிள்ளை குசினி வாசலில் நின்றாள். இரு என்று யாரும் சொல்லவில்லை. முற்றத்துக் கொடியில் அவனுடைய ஒன்பதாம் இலக்க ஜேர்சி காய்ந்துகொண்டிருந்தது. தோய்த்தது அவள்தான். "பிள்ளை, ஃபைனல் முடியட்டும்" என்றார் வந்தவர்களில் மூத்தவர். அடுத்த நாள் அவள் பொலிஸுக்குப் போய் முறைப்பாட்டை மீளப் பெற்றாள். ஃபைனலில் அவன் ஒரு கோலும் போட்டான். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளையைக் கையில் கட்டுடன் பார்த்தேன்.

நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் போவீர்கள். ஆனால் உங்கள் பின்னால் ஊர் நிற்கிறது, கோவில் நிற்கிறது, கோப்பை நிற்கிறது. அவளுக்குப் பின்னால் குசினிச் சுவர். சேர்ந்து வாழ்வதா இல்லையா என்று அந்த இருவரும் பார்த்துக்கொள்ளட்டும். உளவள ஆலோசனை தேவையென்றால் நீதிமன்றமே அதற்குக் கட்டளையிடலாம்.

பாதுகாப்புக் கட்டளை வந்தால் ஆள் குற்றவாளியா?

இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், இனி வன்முறை செய்யக் கூடாது என்று நீதிமன்றம் இடும் கட்டளை அது. குடியியல் நிவாரணம், தண்டனை அல்ல. அதிகபட்சம் 12 மாதம். ஆனால் கட்டளையை மீறினால் அதுவே குற்றம், ஒரு வருடம்வரை சிறை போகலாம். அடித்ததற்கான குற்றவியல் வழக்கு தனி.

லண்டனிலிருந்து கழகத்துக்குக் காசு அனுப்புகிறோம். நாங்கள் ஏதும் சொல்லலாமா?

தாராளமாக. கால்பந்து வீரர் மேசன் கிரீன்வூட் கதை உங்களுக்குப் பக்கத்தில் நடந்ததுதானே. 2022 ஜனவரியில் ஒரு பெண்ணைத் தாக்கிப் பாலியல் வன்முறை செய்தார் என்ற சந்தேகத்தில் கைது, அவருடைய கழகமான மான்செஸ்டர் யுனைற்றெட் உடனே ஒதுக்கிவைத்தது. அவர் குற்றத்தை மறுத்தார். 2023 பெப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. அதன் பிறகும் கழகம் ஆறு மாதம் தானே விசாரித்தது. திரும்ப எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி கசிந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது, ஓகஸ்டில் பிரிந்துவிடுவதாக அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய கழகமே திணறியது. காசு கொடுக்கும்போதே, இப்படி ஒன்று வந்தால் என்ன நடைமுறை என்று எழுத்தில் கேளுங்கள். இன்ன வீரரை எடு, விடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என்மீது வந்தது பொய் முறைப்பாடு. கழகமும் கைவிட்டால்? (ஒரு வீரர்)

சட்டத்தரணியை வையுங்கள், சொல்ல வேண்டியதை நீதிமன்றத்தில் சொல்லுங்கள். நண்பர்களைக் கொண்டு மனைவிக்கு ஃபோன் எடுப்பிக்க வேண்டாம். இடைநிறுத்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் கொடுக்க உங்களுக்கு இடம் தரச் சொல்லிக் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

வட்ஸப் குழுவில் இரண்டு பேரின் படமும் ஓடுகிறது, அக்கா.

இப்போதே அழிக்கச் சொல்லுங்கள். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போனவர் யார், எதிர்த்தரப்பு யார் என்று தெரியும்படி வெளியிடுவது குற்றம்.

அவர் சுற்றுப்போட்டிகளில் விளையாடி வரும் காசில்தான் வீடு ஓடுது. கழகம் நிறுத்தினால் கோபம் என்மேல்தான் விழும். சொல்லாமலே இருந்திருக்கலாமோ? (ஒரு மனைவி)

தங்கச்சி, உங்கள் பயம் சரியானது. இதைக் கழகங்கள் யோசிப்பதே இல்லை. நிர்வாகிகள் கவனிக்க: அறிவிப்பதற்கு முன்பே, ஒரு பெண் மூலம், இந்தப் பிள்ளைக்குத் திகதியைச் சொல்லுங்கள். அன்றிரவு அவள் எங்கே தங்குவது என்று பார்க்க நேரம் வேண்டும்.

உங்களுக்கு: பாதுகாப்புக் கட்டளை கேட்கும்போதே அவசரப் பணவுதவியும் கேட்கலாம். யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். அவசரமென்றால் 1938 என்ற மகளிர் உதவித் தொலைபேசிக்கு எடுங்கள், தமிழிலேயே பேசலாம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இன்றைக்கே கொடுத்துவையுங்கள்.