பஸ்ஸே பாதி மலை ஏறிவிடும்

கேள்வி: வேலூரிலிருந்து ஒரே நாளில் போய்வருகிற மாதிரி, காட்டுக்குள் நடந்து ஏறுகிற சின்ன மலை எது? மாமனாருக்கு 61 வயது, பையனுக்கு 9. கோட்டைக்குக் கிழக்கே தெரிகிற மலையிலேயே ஏறலாம் என்கிறார் கணவர். வரும் ஞாயிறே போகலாமா?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: அந்த மலையில் பழைய கோட்டைச் சுவர்கள் உண்டு, ஊர் முழுக்கத் தெரியும், எல்லாம் சரி. ஆனால் அது மொட்டைப் பாறை. காலை ஒன்பது மணிக்கே பாறை சூட்டைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கக்க ஆரம்பிக்கும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

ஏலகிரியில் சுவாமிமலைக்குப் போங்கள். மாவட்டம் இப்போது திருப்பத்தூர் என்றாலும் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது நம்ம மலைதானே. காட்பாடியில் ரயிலேறி ஜோலார்பேட்டையில் இறங்கினால் மலைக்குப் பஸ் உண்டு. வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், வள்ளுவர், கம்பர், கபிலர், பாரி, ஓரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பையனை வாசிக்கச் சொல்லுங்கள், வாந்தி நினைப்பே வராது. இதில் ஒரு வசதி என்னவென்றால், ஏலகிரி ஊரே ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது, சுவாமிமலை உச்சி சுமார் 1,300. பாதிக்கு மேல் பஸ்ஸே ஏறிவிடுகிறது, மங்கலம் கிராமத்திலிருந்து உங்கள் காலுக்கு மிச்சம் இருப்பது முந்நூறு மீட்டர் உயரம்தான்.

பாதை பெரும்பாலும் மர நிழல். உச்சிக்குக் கிட்டே பாறையும் செங்குத்தும் வரும், மாமனாருக்கு மூட்டுவலி இருந்தால் அதற்கு முன்பே உட்கார்ந்துகொள்ளட்டும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும், ஒரு கம்பு கொடுத்துவிடுங்கள். நான் ரப்பர் செருப்போடு போய், இறங்கும்போது பாதி தூரம் உட்கார்ந்தே நகர்ந்தவன், அதனால் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மேலே கடை இல்லை. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு வாங்கிக்கொண்டு போய்விடும்.

ஞாயிறே போகிற அவசரம் மட்டும் வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்த பிறகு வனத்துறை கெடுபிடியாக இருக்கிறது, அது நியாயமும்கூட. அனுமதி வாங்கி வழிகாட்டியோடு போங்கள். கோடையில் புல் காய்ந்து கிடக்கும், ஐப்பசி மழையில் பாறை வழுக்கும். மார்கழி, தை நல்லது.

கணவருக்குக் கோட்டை மலை ஆசை தீரவில்லையென்றால், அதே மார்கழியில் ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவரை மட்டும் அனுப்பிவிடுங்கள்.