பத்திரிகை மன்றத்திடம் போகும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னைப் பற்றித் தவறான செய்தி போட்டுவிட்டார்கள். பத்திரிகை மன்றத்தில் புகார் கொடுத்தால் எவ்வளவு இழப்பீடு கிடைக்கும்?

ஒரு காசும் கிடைக்காது. பத்திரிகை மன்றம் என்பது பத்திரிகைகளின் நெறிமுறை மீறல்களை விசாரிக்கும் அமைப்பு, நீதிமன்றம் அல்ல. பணம் வேண்டுமென்றால் அவதூறு வழக்குதான் போட வேண்டும். “இந்தச் செய்தி நெறிமுறையை மீறியது” என்று மன்றம் தீர்ப்பு சொல்லும், அதைச் சம்பந்தப்பட்ட பத்திரிகையே வெளியிட வேண்டும் என்று கேட்கும்.

கேள்வி: ஒரு நாளிதழ் பொய் எழுதிவிட்டது. எங்கே புகார் செய்வது?

எந்த நாளிதழ்? என்றைக்கு வந்தது? அதில் எந்த வரி பொய்? இவற்றில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. இப்படி எழுதினால் மன்றமும் கடிதத்தைத் திருப்பித்தான் அனுப்பும். செய்தியைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், இணையத்தில் வந்த வரி சத்தமில்லாமல் மாறிவிடும். அப்புறம் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். புகார் கொடுப்பதற்கான கெடுவையும் பாருங்கள்: பொதுவாக ஸ்வீடனில் 3 மாதம், பிரிட்டனின் பத்திரிகைப் புகார் அமைப்பான இப்ஸோவில் 4 மாதம், ஜெர்மனியில் 1 வருடம்.

கேள்வி: புகார் நிரூபணமானால் அந்த நிருபரின் வேலை போகுமா?

போகாது. மன்றத்தின் விசாரணை பத்திரிகை வெளியிட்டதைப் பற்றியது. ஆளைப் பழிவாங்கும் எண்ணம் இருந்தால் புகாரே வேண்டாம்.

கேள்வி: மன்றம் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. பொய்ச் செய்தி வந்தது முதல் பக்கத்தில், தீர்ப்பு வந்ததோ உள்பக்கத்தில், வரி விளம்பரங்களுக்கு நடுவே நான்கு வரியாக. இது போதுமா?

போதவே போதாது. ஊரறியத் திட்டிவிட்டுக் காதோடு மன்னிப்புக் கேட்பது மன்னிப்பே இல்லை. பத்திரிகைத் துறையே தன்னைக் கட்டுப்படுத்த அமைத்துக்கொண்ட சுயக் கட்டுப்பாட்டு மன்றத்தின் கையில் அபராதமோ சிறையோ பெரும்பாலும் கிடையாது. தீர்ப்பை வாசகர் கண்ணில் படும்படி அச்சிட வைப்பது ஒன்றுதான் அதன் பலம். அதையும் நீர்த்துப்போக விட்டால் மன்றம் எதற்கு?

ஜெர்மனியில் இது உயிர்ப் பிரச்சினையாகவே ஆனது. மன்றம் விதித்த கண்டனத்தைச் சில பதிப்பாளர்கள் அச்சிட மறுத்தார்கள். அதனால் 1980களின் தொடக்கத்தில் மன்றமே சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. கண்டனங்களை அச்சிடுகிறோம் என்று பதிப்பாளர்கள் ஒப்புக்கொண்ட பிறகே, 1985 வாக்கில், மறுபடி இயங்கியது.

கண்ணில் படும்படி அச்சிட வைக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. பிரிட்டிஷ் அரசி பிரெக்ஸிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதை, ஆதரிப்பதாக 2016இல் ‘தி சன்’ நாளிதழ் முதல் பக்கத் தலைப்புப் போட்டது. தலைப்பு தவறு என்று தீர்ப்பளித்த இப்ஸோ, தீர்ப்பை 2ஆம் பக்கத்திலும் அதைப் பற்றிய குறிப்பை முதல் பக்கத்திலும் வெளியிட வைத்தது. எல்லா மன்றங்களும் அந்த அளவுக்காவது போக வேண்டும். ‘தகுந்த முக்கியத்துவத்துடன்’ என்று விதியில் எழுதி வைத்தால், தகுந்தது எது என்பதைத் தவறு செய்த ஆசிரியரே முடிவு செய்துவிடுவார். பக்கம், தலைப்பின் அளவு, நாள் மூன்றையும் மன்றமே சொல்ல வேண்டும். இணையத்தில் பழைய செய்தியின் உச்சியிலேயே திருத்தம் நிற்க வேண்டும். உங்கள் வழக்கில் முதல் பக்கச் செய்தியையும் அந்த நான்கு வரியையும் தேதியோடு படமெடுத்து மன்றத்துக்கே திருப்பி அனுப்புங்கள். தீர்ப்போடு வேலை முடிந்தது என்று அவர்கள் ஒதுங்க விடாதீர்கள்.

கேள்வி: ஒரு தலையங்கம் எங்கள் சங்கத்தைக் கடுமையாகத் தாக்கியது. புகார் செல்லுமா?

கருத்து கடுமையாக இருக்கலாம், அது குற்றமில்லை. அதற்கு ஆதாரமாகக் காட்டிய தகவல் பொய்யென்றால் அதன் மேல் புகார் கொடுங்கள்.

கேள்வி: பத்திரிகைக்காரர்களே விசாரித்தால் நியாயம் கிடைக்குமா? இதை அரசிடமே கொடுத்துவிடலாமே?

வேண்டாம். அரசைக் கேள்வி கேட்கும் பத்திரிகைக்கு அரசே நீதிபதியானால் முதலில் அடங்குவது அந்தக் கேள்விதான். ஸ்வீடனில் 1916இல் பத்திரிகைத் துறையினர் தாங்களாகவே மன்றம் அமைத்ததன் பொருள் இதுவே. உங்கள் சந்தேகத்துக்கு மருந்து, மன்றத்தில் பொதுமக்களையும் உட்கார வைப்பது. அயர்லாந்து மன்றத்தில் 13 பேரில் 7 பேர் துறைக்கு வெளியிலிருந்து வருபவர்கள். சட்டத்தால் அமைந்ததெல்லாம் அரசின் கை என்றும் சொல்லிவிட முடியாது. டென்மார்க் மன்றம் சட்டப்படி அமைந்தது, தீர்ப்பை வெளியிட மறுத்தால் அங்கே அபராதமும் உண்டு. இந்திய மன்றமும் சட்டத்தால் அமைந்ததுதான். அதன் 28 உறுப்பினர்களில் 5 பேர் நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஆனாலும் எச்சரிக்கை, கண்டனத்துக்கு மேல் அதனால் போக முடியாது. யார் நியமிக்கிறார்கள், யார் பணம் தருகிறார்கள் என்று இரண்டையும் கேளுங்கள்.

கேள்வி: அந்தப் பத்திரிகை மன்றத்தில் சேரவே இல்லையாம். என்ன செய்வது?

சுயக் கட்டுப்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான். பிரிட்டனில் எக்ஸ்பிரஸ் நாளிதழ் குழுமம் 2011இல் அப்போதிருந்த புகார் ஆணையத்தை விட்டே வெளியேறியது. சில பத்திரிகைகள் தாங்களே உள்புகார் அமைப்பு வைத்திருக்கின்றன, பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழ் அப்படித்தான். இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் நீதிமன்றம்தான். எதுவானாலும் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள்.

கேள்வி: “ஏஐ எழுதிய செய்தி, நாங்கள் பொறுப்பல்ல” என்று பதில் வந்தது.

ஏற்காதீர்கள். வெளியிட்டவர் ஆசிரியர், பொறுப்பும் அவருடையதே. அந்தப் பதிலையே புகாரோடு இணைத்து அனுப்புங்கள்.