ரிப்போர்ட்டில் 'வயது சார்ந்த மாற்றம்' என்றால்?

கேள்வி: எனக்கு 71 வயது. சிறுநீரில் ரத்தம் வந்ததால் சிறுநீர்ப்பையில் பயாப்ஸி எடுத்தார்கள். புற்றுநோய் இல்லையாம். ஆனால் 'தசைக்கட்டுகளுக்கு இடையே நார்த்திசு அதிகம், வயது சார்ந்த மாற்றமாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். இரவில் மூன்று, நான்கு முறை எழுகிறேன். அதற்கும் இதுதான் காரணமா? (ஆண் வாசகர்)

பதில்: நோய்க்குறியியல் மருத்துவராக இதே வரியை நானும் நிறைய ரிப்போர்ட்டுகளில் எழுதியிருக்கிறேன். பயப்பட வேண்டிய வரி இல்லை; ஆனால் எல்லாவற்றுக்கும் அது விடையும் இல்லை.

இளவயதுச் சிறுநீர்ப்பையில் தசைக்கட்டுகள் நெருக்கமாக இருக்கும். வயதாக ஆக, நடுவில் கொலாஜன் நார் சேரும். நுண்ணோக்கியில் பார்க்கத் திசுவுக்குப் போடும் வழக்கமான சாயத்தில் தசை, நார் இரண்டுமே இளஞ்சிவப்பு. சந்தேகம் வந்தால் மேசன் ட்ரைக்ரோம் சாயம் போடச் சொல்வேன். தசை சிவப்பாகவும் நார் நீலமாகவும் பிரிந்துவிடும். வயதானவர்களில் அந்த நீலம் கட்டுகளுக்குள்ளும் நுழைந்து, தனித்தனி தசைச் செல்களுக்கு நடுவிலும் ஓடும். நார் சுருங்காது, அதனால் பை விறைப்பாகும். உள்தோல் மெலிந்திருக்கிறதா என்று மட்டும் நான் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். பை காலியாக இருக்கும்போது ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்கள் தெரியும். விரிந்தால் இரண்டு, மூன்றுதான்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இன்னும் உள்ளே போகும். ஆய்வாளர் எல்படாவியும் அவருடைய குழுவும் 1993-இல் வெளியிட்ட ஆய்வுகளில், முதியவர்களின் தசைச் செல் சவ்வில் இருக்க வேண்டிய நுண்குழிகள் குறைந்து, அடர்ந்த பட்டைகள் (சுருங்கும் இழைகள் சவ்வில் பிடித்துக்கொள்ளும் இடங்கள்) நீண்டிருந்தன. பை தானாகவே சுருங்கும் தொல்லை உள்ளவர்களிடம் செல்களுக்கு இடையே இடைவெளி அகன்றிருந்தது. அருமையான வேலை. ஆனால் தினசரி பயாப்ஸியில் யாரும் இதைப் பார்ப்பதில்லை.

சரி, உங்கள் இரவுத் தொல்லைக்கு வருவோம். ஸ்லைடை வைத்து அதைச் சொல்ல முடியாது. புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்தாலும் இதே மாதிரி நார் சேரும். வயதானால் சிறுநீரகம் இரவில் அதிகச் சிறுநீரை உண்டாக்குவதும் உண்டு. கால்வீக்கம், சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சடைப்பு எல்லாமே எழுப்பிவிடும். மூன்று நாள், எந்த நேரத்தில் எத்தனை மில்லி போனது என்று அளந்து எழுதிக் கொண்டுபோங்கள். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த ரத்தம். நார் கூடியதால் ரத்தம் வந்தது என்று முடித்துக்கொள்ளாதீர்கள். எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டதா, சிறுநீரகத்தையும் பார்த்தாயிற்றா என்று உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.