உப்புக் காற்றில் ஒரு பட்டடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடலோரத்திலிருந்து வந்தவை. எல்லாமே பட்டடையை, அதாவது நகையை வைத்து அடிக்கிற இரும்பைப் பற்றியவை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. சுத்தியலைத் துடைத்து வைக்கிறோம், அரத்தைத் தட்டி வைக்கிறோம். அடியில் கிடக்கிற இரும்பை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அடி விழும்போது தகட்டின் மேல்பக்கம் சுத்தியலை வாங்குகிறது, அடிப்பக்கம் பட்டடையை வாங்குகிறது. பட்டடை முகத்தில் ஒரு கீறல் கிடந்தால் அது நகையின் முதுகிலும் கிடக்கும்.

"அண்ணா, வெள்ளிக் கம்பியோடு சங்குத் துண்டும் சிப்பியும் சேர்த்துத் தோடு, பதக்கம் செய்கிறேன். இதுவரை அம்மியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துத்தான் அடித்தேன். கடையில் பெஞ்ச் பிளாக் என்று ஒரு சதுர எஃகுக் கட்டையும் கொம்பு வைத்த சின்னப் பட்டடையும் காட்டுகிறார்கள். எதை முதலில் வாங்கட்டும்?" (ராமேஸ்வரம்)

சதுரக் கட்டையை வாங்குங்கள் தங்கச்சி. கம்பியைத் தட்டையாக்க, கொக்கியை இறுக்கமாக்க, தகட்டை நேராக்க அதுவே போதும். கொம்பு வேண்டியது மோதிரம், வளையம் என்று வளைவு வேலை கூடும்போதுதான். அதுவரை மோதிரக் கம்பியை (கூம்பாக இருக்குமே, அது) வைத்துச் சமாளிக்கலாம்.

நாலு அங்குலச் சதுரம், முக்கால் அங்குலக் கனம் உள்ள கட்டை சுமார் ஒன்றரை கிலோ வரும். தோடு, பதக்கத்துக்கு அது தாராளம். இரண்டரை அங்குலக் கட்டை அறுநூறு கிராம்தான் இருக்கும், அடிக்க அடிக்க மேசையில் நகரும். காசு இருந்தால் அகலத்தைவிடக் கனத்துக்குக் கொடுங்கள். அம்மி நல்ல கனம்தான், ஆனால் அதன் முகம் கொத்திய கல். அந்தச் சொரசொரப்பு எல்லாம் வெள்ளியில் ஏறும், உதிர்ந்த கல்துகள் வெள்ளிக்குள்ளேயே புதைந்தும் போகும்.

கட்டைக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்றைச் சுத்தமான வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பஞ்ச் அடிப்பது, ஆணி நேராக்குவது, கம்பி வெட்டுவது எல்லாம் மறுபக்கத்தில். நல்ல பக்கத்தின் ஓரத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் வீட்டில் வேறு யார் எடுத்தாலும் குழப்பம் வராது.

சங்கு பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்கிற வேலை, சுடுகிற வேலை, ஆசிட்டில் அழுக்கெடுக்கிற வேலை மூன்றையும் முடித்த பிறகே சங்கையும் சிப்பியையும் பொருத்துங்கள். இரண்டும் சுண்ணாம்புச் சத்து. எலுமிச்சைச் சாறு பட்டால்கூட மேல்பளபளப்பு கரைந்துவிடும். எஃகுமேல் வைத்து அவற்றின் பக்கத்தில் தட்டினால் விரிசல் விடும்.

"வாரத்துக்கு ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். ஆனாலும் கட்டை சிவந்துபோகிறது. கார்த்திகை மாதத்தில் இரண்டே நாளில் புள்ளி புள்ளியாகத் துரு. என் எண்ணெய் சரியில்லையா, இரும்பு சரியில்லையா?" (தேவிபட்டினம்)

இரண்டையும்விட முக்கியமானது, எண்ணெய்க்கு அடியில் உப்பு இருக்கிறது.

கடல்காற்று கொண்டுவருவது ஈரத்தை மட்டுமல்ல, உப்பையும்தான். வெறும் சாப்பாட்டு உப்பு என்றால் காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போதுதான் கசியத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. அது 33 விழுக்காடு ஈரத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் கரையில் காற்று அவ்வளவு காய்ந்து நான் பார்த்ததில்லை. அதனால் உப்புத் துகள் விழுந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ச் சொட்டு ஒன்று ஆண்டு முழுக்க உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அதன்மேல் எண்ணெய் பூசுகிறீர்கள், சொட்டு உள்ளேயே இருந்து வேலை செய்கிறது. துரு பரவலாக வராமல் புள்ளி புள்ளியாக வருவதற்குக் காரணம் இதுதான். அந்தப் புள்ளி குழியாகிவிட்டால் தேய்த்து எடுப்பது பெரும்பாடு.

ஆகவே முதலில் கழுவ வேண்டும். இரும்பைத் தண்ணீரில் கழுவச் சொன்னால் எல்லோரும் பயப்படுகிறார்கள். கழுவிவிட்டு ஈரத்தோடு விடுவதுதான் ஆபத்து. துணியை நல்ல தண்ணீரில் நனைத்து முகத்தையும் பக்கங்களையும் இரண்டு தடவை துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குடிக்கிற தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ எடுங்கள். உடனே காய்ந்த துணியால் துடைத்து, வெயிலில் பத்து நிமிடம் வைத்து, கட்டை வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள்.

தேங்காய் எண்ணெய் அவசரத்துக்குப் பரவாயில்லை. நாள்பட்டால் காறிப்போய்ப் புளிக்கும், அந்தப் புளிப்பே இரும்பைத் தின்னும். நல்லெண்ணெய் பிசினாக ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். பல நாள் வெளியூர் போவதாக இருந்தால் வாசலின் தடவுங்கள், அல்லது தேன்மெழுகைச் சூடான கட்டையில் தேய்த்துத் துணியால் பரப்புங்கள். வேலை தொடங்கும்போது எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்மேல் அடித்தால் தகடு வழுக்கும், சூடு காட்டும்போது புகையும்.

வேலை முடிந்ததும் கையாலே தடவிப் பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. வியர்வையும் உப்புதான். கடைசியாகப் படுவது கை அல்ல, எண்ணெய்த் துணியாக இருக்கட்டும்.

நீங்கள் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் இருப்பதால் வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசி முதல் மார்கழி வரைதான் உங்களுக்குச் சோதனை. அந்த மாதங்களில் தினமும் செய்யுங்கள். மண்டபத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடா ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஆடிக்காற்றும் அதே வேலையைச் செய்யும். கட்டையைத் துணியில் சுற்றி வைக்காதீர்கள், துணி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆசிட் பாத்திரம் இருக்கிற அறையில் மட்டும் வேண்டாம், மூடியிருந்தாலும் அந்த ஆவி எஃகைச் சிவக்கவைக்கும்.

ஏற்கெனவே வந்த துருவுக்கு: கண்ணாடிப் பலகைமேல் வாட்டர் பேப்பரை விரித்து, சிறிது மண்ணெண்ணெய் விட்டு, கட்டையைக் கவிழ்த்து எட்டுப் போடுவதுபோலத் தேயுங்கள். 220 நம்பர் தாளில் தொடங்கி 400, 600, 1000 என்று போங்கள். ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் கோடு மறைந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டு 220-இலிருந்து 1000-க்குத் தாவினால் பளபளப்புக்கு அடியில் கோடுகள் நிற்கும், வெள்ளியில் அடித்ததும் வெளியே வரும்.

"துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?" (உச்சிப்புளி)

படகு வேலைக்கு வருகிற 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் மென்மையானது. சூடேற்றித் துவைச்சல் கொடுத்தாலும் (சட்டென்று முக்கிக் குளிரவைத்தாலும்) கெட்டியாகாது. சுத்தியல் ஓரம் பட்டால் பள்ளம் விழும். கெட்டியாகிற ஸ்டெயின்லெஸ் வகைகள் உண்டு, விலை அதிகம். குரோம் முலாம் பூசிய கட்டையையும் நான் சொல்லமாட்டேன். முலாம் செதிலாகத் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

"அண்ணே, பழைய தண்டவாளத் துண்டு ஒன்று விலைக்கு வருகிறது. பட்டடைக்கு நல்லதுதானே?" (மண்டபம்)

முதலில் பில் கேளுங்கள். ரயில்வே பழைய இரும்பை ஏலத்தில் விற்கிறது, அப்படி வாங்கியவரிடம் காகிதம் இருக்கும். காகிதம் இல்லாத துண்டை வைத்திருப்பதே 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி குற்றமாகலாம். பாம்பன் பாலத்து இரும்பு என்று யார் ஆசை காட்டினாலும் சரி.

முறையாகக் கிடைத்தால் முரட்டு வேலைக்கு நல்லது. 60 கிலோத் தண்டவாளம் என்றால் மீட்டருக்கு 60 கிலோ, அதாவது ஆறு அங்குலத் துண்டே ஒன்பது கிலோவுக்கு மேல். அசையாது. ஆனால் அதன் தலை தட்டை கிடையாது, சக்கரத்துக்காக லேசாகக் குவிந்திருக்கும். மில்லிங் போட்டுச் சமமாக்காமல் தகடு நேராக்க முடியாது. மேலும் அது நல்ல பெஞ்ச் பிளாக் அளவுக்குக் கெட்டி அல்ல. சாதாரண சுத்தியல் முகமே அதைவிடக் கெட்டியாக இருக்கும். கொலுசு வளையம் தட்டலாம், கண்ணாடிபோல மினுங்கும் தகடு அதில் வராது.

"ஆன்லைனில் வாங்கிய சின்னப் பட்டடை. பார்க்க அழகாக இருக்கிறது. எஃகா வார்ப்பிரும்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காந்தம் ஒட்டுகிறது." (ராமநாதபுரம்)

காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சைக்கிள் கடையில் ஒரு பேரிங் குண்டு வாங்குங்கள். பட்டடையைச் சிமெண்டுத் தரையில் வைத்து, பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, பத்து அங்குல உயரத்திலிருந்து குண்டை விடுங்கள். ஏழு அங்குலத்துக்கு மேல் எழும்பினால் நல்ல கெட்டி. பாதிகூட எழவில்லை என்றால் மென்மை. முகத்தில் நாலைந்து இடத்தில் பாருங்கள், நடுவில் எழும்பி ஓரத்தில் சோர்ந்துபோகிற பட்டடைகளும் உண்டு.

அடுத்தது அரம். கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் பழைய அரத்தை இழுங்கள். கெட்டி எஃகில் வழுக்கிக்கொண்டு ஓடும், மென்மையில் கடிக்கும். கடித்த தூள் கறுப்புப் பொடியாக விரலில் அப்பினால் வார்ப்பிரும்பு. அதன் கொம்பில் ஓங்கி அடிக்காதீர்கள், ஒடியும். வெறும் பட்டடை முகத்தில் சுத்தியலால் அடித்துச் சத்தம் கேட்டுச் சோதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். கெட்டியும் கெட்டியும் மோதினால் சில் தெறிக்கும்.

"மாடியில் வாடகை வீடு. கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்கிறார்கள்." (தொண்டி)

மரக்கட்டையில் உட்கார வையுங்கள். கறிக்கடைக்காரர்கள் நம்புகிற புளியங்கட்டைதான் என் முதல் தேர்வு. சீமைக் கருவேலமும் நல்ல கனமான மரம், நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. நேராகப் பருத்த அடித்துண்டு கிடைத்தால் விடாதீர்கள். வெட்டுவாய் மேலே பார்க்கும்படி நிறுத்த வேண்டும், பலகையாகப் படுக்கவைத்தால் அடியைத் தாங்காமல் பிளக்கும். மரத்துக்கும் பட்டடைக்கும் நடுவே பழைய மோட்டார் பெல்ட் துண்டு, மரக்கட்டைக்கு அடியில் ரப்பர் பாய். சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

மணல் பை வைக்கச் சொல்வார்கள். வைக்கலாம், கடல் மணல் மட்டும் வேண்டாம். நான் தொழில் கற்ற காலத்தில் கரையில் அள்ளிய மணலைப் பையில் தைத்துப் பட்டடைக்கு அடியில் போட்டேன். ஒரு மாதம் கழித்துத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்கம் முழுக்கச் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

"காக்கா, எங்க வாப்பாவுடைய பட்டறையை மூடி இருபது வருஷம் ஆச்சு. அவங்க பட்டடையை எடுத்து வேலை தொடங்க நினைக்கிறேன். முகமெல்லாம் பள்ளமும் துருவும். கிரைண்டர் வைத்து ஒரேயடியாகச் சமமாக்கிவிடலாமா?" (கீழக்கரை)

வேண்டாம் தம்பி. கை கிரைண்டர் முகத்தை அலை அலையாக்கும், அதைவிடப் பெரிய கெடுதல் சூடு. எஃகு 220 டிகிரியைத் தொட்டால் வைக்கோல் நிறம் காட்டும், 300-இல் நீலமாகும். நீலம் பார்த்த இடத்தில் கெட்டித்தன்மை இறங்கிவிட்டது என்று அர்த்தம், மறுபடி துவைச்சல் கொடுக்காமல் அது திரும்பாது. (பற்றவைத்த நகையைச் சூடோடு பட்டடைமேல் வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான்.)

பழைய பட்டடைகள் பலவற்றில் மேல்முகம் மட்டுமே எஃகு, உடம்பு மெல்லிரும்பு. சிலவற்றில் கெட்டியான தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எல்லாப் பள்ளத்தையும் எடுக்கப் போனால் தோலையே எடுத்துவிடுவீர்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் நன்றாக இருந்தால் உங்கள் வேலைக்கு அது போதும். மற்றப் பள்ளங்கள் கிடக்கட்டும். ஓரங்கள் மட்டும் கூராகவோ சில் பெயர்ந்தோ இருந்தால் எண்ணெய்க் கல்லால் லேசாக மழுக்குங்கள், ஒரு பக்க ஓரத்தைத் தகடு மடிக்க நேராகவே விடுங்கள்.

நல்ல இடமே இல்லை என்றால் மதுரையில் லேத் பட்டறைகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே செய்கிற சர்ஃபேஸ் கிரைண்டிங் (முகத்தை மெஷினில் சமமாகத் தேய்ப்பது) கேளுங்கள். கால் மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால் மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, பேரிங் குண்டை விட்டுப் பாருங்கள். எத்தனை அங்குலம் எழும்பியது, முகத்தில் எந்த இடத்தில் என்று குறித்து அனுப்புங்கள். மேலே எஃகு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அதை வைத்துப் பேசலாம்.