படை திரும்பும் தேதி

கேள்வி: தேர்தல் மேடையில் 'படையைத் திரும்ப அழைப்பேன்' என்று தேதி சொல்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் தேதியைத் தள்ளுகிறார்கள். எல்லா நாட்டுத் தலைவர்களுமே இந்த விஷயத்தில் பொய்யர்கள்தானா?
– வாசகர், கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்

பதில்: பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பி அனுப்பியே 'ராணுவப்பேட்டை' என்று பெயர் வாங்கிய ஊர் உங்களுடையது. அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். தேதி மாறியது என்பதற்காக மட்டும் ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள். தேதியை மாற்றி நல்லது செய்தவரும் உண்டு, தேதியைக் காப்பாற்றிக் கேடு விளைவித்தவரும் உண்டு.

இராக்கிலிருந்து வெளியேறக் கெடு விதித்த மசோதாவை 2007 மே 1 அன்று ரத்து அதிகாரத்தால் தடுத்தவர் அமெரிக்க அதிபர் புஷ். அடுத்த ஆண்டு நவம்பரில் அவருடைய அரசே இராக்குடன் ஒப்பந்தம் போட்டது: 2009 ஜூன் 30-க்குள் நகரங்களை விட்டும், 2011 டிசம்பர் 31-க்குள் நாட்டை விட்டும் போய்விடுவது என்று. அமெரிக்கப் படை அங்கே இருப்பதற்கு ஐ.நா. தந்திருந்த அனுமதி 2008 கடைசியோடு முடிகிறது, இராக் அரசோ தேதி இல்லாமல் சம்மதிக்காது. அவர் மனம் மாறியது சரிதான்.

அடுத்து வந்த ஒபாமா, இராக்கிலிருந்து போர்ப் படை திரும்ப 16 மாதம் என்றார், அதை 19 மாதம் ஆக்கினார். அந்த மூன்று மாதம் பெரிய விஷயமே இல்லை. அறிவிப்பில் இருந்த சொல்தான் விஷயம். 2010 ஆகஸ்ட் 31-இல் முடிந்தது 'போர்ப் பணி' மட்டும். சுமார் 50,000 பேர் அங்கேயே இருந்தார்கள், 'ஆலோசனை, உதவிப் படைப்பிரிவு' என்று பெயர் மாற்றிக்கொண்டு. 'போர்ப் படை திரும்பும்' என்று யாராவது சொன்னால், மிச்சம் எத்தனை பேர், எந்தப் பெயரில், யார் செலவில் இருப்பார்கள் என்று அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். ஆப்கானிஸ்தானிலும் அவர் தேதியை மாற்றினார். 2016 முடிவில் தூதரகக் காவல் அளவுக்குத்தான் ஆள் இருக்கும் என்று 2014-இல் சொன்னவர், 2015 அக்டோபரில் அதை 5,500 ஆக்கினார், 2016 ஜூலையில் 8,400 ஆக்கினார். நடுவில் குந்தூஸ் நகரம் தாலிபான் கைக்குப் போயிருந்தது. காரணத்தை மறைக்காமல் சொல்லித்தான் மாற்றினார். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கெடுவைக் காப்பாற்றிய கதை 2021-இல் நடந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் டிரம்ப் அரசு தாலிபானோடு கையெழுத்திட்டது. அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறக் கெடு 14 மாதம். காபூல் அரசுக்கு அந்த மேஜையில் இடமே இல்லை. வெளியேற வேண்டியவர்கள் பட்டியலில் சிப்பாய்கள் மட்டுமல்ல, ஒப்பந்த ஊழியர்களும் இருந்தார்கள். கேடு அங்கேதான் புகுந்தது. ஆப்கன் விமானப்படையின் ஹெலிகாப்டர்களைப் பழுது பார்த்தவர்கள் அவர்கள்தான். மெக்கானிக் ஊருக்குப் போய்விட்டால் விமானி இருந்து என்ன பயன்? மே 1 என்ற கெடுவை பைடன் செப்டம்பர் 11 ஆக்கினார், பிறகு ஆகஸ்ட் 31 ஆக்கினார், அதைக் காப்பாற்றவும் செய்தார். ஜூலைத் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் பக்ராம் விமானத் தளத்தை இரவோடு இரவாகக் காலி செய்தார்கள். 20 நிமிடத்தில் மின்சாரம் போயிற்று. பொறுப்பேற்க வேண்டிய ஆப்கன் தளபதியே, தாம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் விஷயத்தை அறிந்ததாகச் சொன்னார். ஆகஸ்ட் 15-இல் காபூல் விழுந்தது.

இதற்கு நேர்மாறானது மாலத்தீவு. 2024 மார்ச் 15-க்குள் இந்திய வீரர்கள் போக வேண்டும் என்றார் அதிபர் முய்சு. பேச்சுவார்த்தையில் கெடு மே 10 வரை நீண்டது. அந்த வீரர்கள் அங்கே இயக்கியது இரண்டு ஹெலிகாப்டர், ஒரு டோர்னியர் விமானம். மார்ச் 10-க்குள் ஓர் இடத்திலிருந்தும், மே 10-க்குள் மற்ற இரண்டு இடங்களிலிருந்தும் வீரர்கள் கிளம்ப வேண்டும் என்று முடிவானது. சீருடை இல்லாத தொழில்நுட்ப ஆட்கள் முதலில் போய் இறங்கினார்கள், பிறகுதான் வீரர்கள் கிளம்பினார்கள். நோயாளிகளை ஏற்றிவரும் வேலை நிற்கக் கூடாது என்று வரிசையை அப்படி வைத்தார்கள். தேதி தள்ளிப்போனதால் யாரும் கெட்டுப்போகவில்லை.

இலங்கைக்குப் போன நம்முடைய அமைதிப்படையைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும், அடுத்த 72 மணி நேரத்தில் போராளிகள் ஆயுதம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினார்கள். நம் படை எந்த நாளில் வீடு திரும்பும் என்று ஒரு வரி இல்லை. 1989 ஜூனில் இலங்கை அதிபர் பிரேமதாசா, ஜூலை முடிவதற்குள் போங்கள் என்றார். ராஜீவ் மறுத்தார். செப்டம்பரில் டிசம்பர் 31 என்று ஒத்துக்கொண்டார்கள். தேர்தலில் ஆட்சி மாறியது. வி.பி. சிங் காலத்தில், 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் கிளம்பியது. முப்பத்திரண்டு மாதம். நம் வீரர்கள் சுமார் 1,200 பேர் திரும்பவே இல்லை. அங்கிருந்த தமிழ்ப் பொதுமக்களும் ஏராளமாக மாண்டார்கள்.