சும்மாடு கொள்ளாத பெட்டி

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்களுக்கு அடல் டிங்கரிங் லேப், அதாவது பிள்ளைகள் தாமே கருவிகளோடு செய்து பார்க்கும் அரசுத் திட்டக் கூடம், கிடைத்திருக்கிறது; அதில் பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக இட்டு நாம் வரைந்த பொருளைச் செய்துதரும் 3டி பிரிண்டருக்கு ஆய்வு நாளன்று மட்டும்தான் உறை கழற்றுகிறார்கள். இங்கிலாந்துப் பள்ளிகளில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' தனிப்பாடம் என்கிறார்கள். நம் பழைய கைத்தொழில் வகுப்புதானே அது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

இல்லை என்றே நினைக்கிறேன். கைத்தொழில் வகுப்பில் நாங்கள் நூல் நூற்கத் தக்ளி சுற்றினோம். நூல் அறுந்தால் வசவு கிடைக்கும், ஏன் அறுந்தது என்று ஒருநாளும் பேசியதில்லை. ஒவ்வொரு செய்கையிலும் ஏன், எதற்கு என்பதைப் பிள்ளை அறிய வேண்டும் என்றுதான் 1937இல் காந்தி கைத்தொழில் வழியான தம் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது எழுதினார். எங்கள் பள்ளிவரை வந்து சேர்ந்தது தக்ளி மட்டும்.

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் 1990 முதல் இருக்கும் அந்தப் பாடத்தின் தன்மை, மதிப்பெண் போடும் முறையில்தான் தெரிகிறது. பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் பாதி எழுத்துத் தேர்வு, மறுபாதி மாணவர் தாமே செய்யும் பணி. ஏ.க்யூ.ஏ. என்னும் தேர்வு வாரியம் அந்தப் பணிக்கு அளிக்கும் 100 மதிப்பெண்ணில், செய்து முடித்த பொருளுக்கு உரியது 20தான்; யாருக்கு என்ன தேவை என்று கண்டறிந்தது, வரைந்து பார்த்த யோசனைகள், அவற்றைத் திருத்திய விதம், சோதித்துக் கண்ட குறைகள் ஆகியவற்றுக்கே மீதி 80. நம் அறிவியல் கண்காட்சிகளில் அப்பாவோ கடைக்காரரோ ஒட்டிக்கொடுத்த மாதிரிக்குப் பரிசு விழுவதை நினைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பாடத்துக்குப் பிரிண்டர் முதல் தேவையன்று. தேவனாம்பட்டினம் கரையில் இப்போது ஃபைபர் படகுகளே மிகுதி. எங்காவது ஒரு பழைய கட்டுமரம் கிடந்தால் பிள்ளைகளை அழைத்துச் சென்று, மரங்களை ஆணி அடிக்காமல் ஏன் கயிற்றால் கட்டினார்கள் என்று கேளுங்கள். கரையலையில் மோதும்போது கட்டு சற்று நெகிழ்ந்துகொடுக்கும், ஏறிய நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும், ஊறிக் கனத்த மரங்களைக் கரையில் அவிழ்த்துக் காயவைக்கலாம் என்பதையெல்லாம் அங்குள்ள பெரியவர்களே சொல்வார்கள்.

அடுத்து, தலைச்சுமையாக மீன் விற்கும் ஒரு அம்மாவின் குறையிலிருந்து, ஐஸ் சீக்கிரம் உருகிவிடுகிறது என்பதிலிருந்து, தொடங்கலாம். அரைக் கிலோ ஐஸை உமி, மரத்தூள், நனைந்த சாக்கு, தெர்மாகோல் என நான்கு விதமாகப் பொதிந்து, அரை மணிக்கொரு தரம் உருகிய நீரை அளந்து எழுதச் சொல்லுங்கள். தெர்மாகோல் வெல்லக்கூடும். ஆனால் அந்தச் சதுரப் பெட்டியை அவர் தலையில் ஏற்றிப் பார்த்தால், சும்மாட்டில் அது உட்காராது, ஐஸ் நீர் கழுத்தில் வழியும் என்பது தெரியவரும். பாடம் உண்மையில் அங்கேதான் ஆரம்பமாகிறது. தோற்ற பெட்டிகளைத் தூக்கி எறியாமல், நாள் குறித்து அலமாரியில் வரிசையாக வைத்து, அவற்றுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

மூன்றாவது பெட்டியிலோ நான்காவதிலோ, நீர் பின்பக்கமாக வடிய ஒரு சிறு மூக்கு வேண்டும் என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். கடையில் அந்த அளவில் கிடைக்காது. பிரிண்டரின் உறையை அன்றைக்குக் கழற்றுங்கள்.